பிரம்பு நாற்காலி

குழு: எல்லோரும் நலமா
செப்டம்பர் 11

மாமா, காலை 6:40
(வீடியோ. பலமுறை பகிரப்பட்டது)
மறக்க முடியுமா இந்த நாளை, 2001-இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களை விமானங்கள் இடித்த நாளை? இரண்டு நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். பத்துப் பேருக்காவது அனுப்புங்கள்.

சித்தி, 6:58
அண்ணா, எழுந்ததும் இதுவா? அவ்வளவு உயரத்திலிருந்து ஆட்கள் விழுகிறார்கள். அதற்குப் பின்னால் வயலின் வேறு.

மாமா, 7:01
நினைவு நாள்மா. நினைக்க வேண்டாமா?

சித்தி, 7:03
நினைக்கலாம். அப்படி விழுந்தவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் போனுக்கும் இதே வீடியோ போய்ச் சேரும், வயலினோடு.

தம்பி, 7:10
மாமா, கடைசி அரை நிமிடம் முழுக்கக் கடத்தல்காரர்கள் 19 பேரின் போட்டோதான் ஓடுகிறது. கொல்லப்பட்டவர்கள் 2,977 பேர். அதில் ஒருவர் முகத்தைக்கூடக் காணோம்.

மாமா, 7:12
யார் செய்தான் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா மாப்பிள்ளை?

தம்பி, 7:19
தெரியட்டும். ஆனால் மனப்பாடம் ஆக வேண்டாம். நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச், 2019 மார்ச் 15. இரண்டு மசூதிகளில் ஒருவன் சுட்டு 51 பேர் இறந்தார்கள். பிரதமர் ஜெசிண்டா ஆர்டர்ன் நாடாளுமன்றத்தில் எழுந்து, அவன் பெயரைத் தன் வாயால் சொல்ல மாட்டேன் என்றார். இறந்தவர்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றார். அவன் தலையில் கேமராவை மாட்டிக்கொண்டு நேரலை விட்டவன் மாமா. சுடுவது அவனுக்குப் பாதி வேலை, ஊரைப் பார்க்க வைப்பது மீதி வேலை. முதல் 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் அந்த வீடியோவின் 15 லட்சம் நகல்களை நீக்கியது. அத்தனையையும் அவனா ஏற்றினான்?

மாமா, 7:24
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாமா, 7:24
சரி, எடுத்துவிட்டேன். திருப்தியா?

சித்தி, 7:25
ரொம்ப.

சித்தப்பா, 7:41
இப்போதுதான் பார்க்கிறேன். என்ன நீக்கினீர்கள்?

சித்தி, 7:42
ஒன்றும் இல்லை. போய்க் குளியுங்கள்.

சித்தப்பா, 8:15
குளித்தாயிற்று. பேச்சு இதைப் பற்றித்தான் என்றால் நானும் ஒன்று சொல்கிறேன். அந்தத் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் நிறைய பேர் விமானமே வேண்டாம் என்று காரை எடுத்தார்கள். கெர்ட் கிகெரென்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அடுத்த ஒரு வருடத்தில் சாலை விபத்தில் கூடுதலாகச் செத்தவர்கள் சுமார் 1,500 பேர். கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் சேர்த்து, கடத்தல்காரர்கள் போக, இருந்தவர்கள் 246 பேர்தான். ஆறு மடங்கு! இவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பயத்தில் செத்தவன் கணக்கில் வரமாட்டான்.

நான், 8:22
இது எனக்குத் தெரியாது சித்தப்பா.

மாமா, 8:30
நீங்கள் எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவர்கள். நான் பார்த்தவன். நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. முதல் விமானம் கோபுரத்தில் போய் இடித்ததை நேரலையில் பார்த்தேன். பக்கத்தில் பிரம்பு நாற்காலியில் அப்பா. “போர் வரப்போகிறது” என்றார். நான் சத்தத்தைக் கூட்டப் போனேன். “சத்தம் வேண்டாம், படம் போதும்” என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

நான், 8:41
மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் விமானம் இடித்ததை யாரும் நேரலையில் பார்த்திருக்க முடியாது. இடிக்கப்போகிறது என்று யாருக்குத் தெரியும், கேமராவைத் திருப்பி வைக்க? தெருவில் தீயணைப்பு வீரர்களைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் கேமராவில் தற்செயலாக விழுந்தது அது. டிவிக்குப் பிறகுதான் வந்தது. நேரலையில் உலகம் பார்த்தது இரண்டாவது விமானத்தை.

மாமா, 8:43
நான் பார்த்தேன் என்கிறேன்.

நான், 8:50
அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷும் அப்படித்தான் சொன்னார். பள்ளி வகுப்பறைக்குள் போகும் முன் முதல் விமானம் இடித்ததை டிவியில் பார்த்தேன் என்று, இரண்டு வெவ்வேறு கூட்டங்களில். அதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, அவருக்கு முன்பே தெரியும் என்று சதிக்கதை கட்டியவர்கள் உண்டு. சதியும் இல்லை ஒன்றும் இல்லை. பிறகு பார்த்த படத்தை மனம் முன்னால் கொண்டுபோய் ஒட்டிவிட்டது.

தம்பி, 8:52
ஜனாதிபதிக்கே அப்படி என்றால் மாமாவுக்கு என்ன.

நான், 9:04
எல்லோருக்கும்தான். வில்லியம் ஹர்ஸ்ட், எலிசபெத் ஃபெல்ப்ஸ் என்று இரண்டு ஆய்வாளர்கள். தங்கள் குழுவோடு, நடந்து ஒரு வாரம் போல ஆனதுமே ஏழு நகரங்களில் 3,000 பேருக்கு மேல் கேட்டு எழுதி வாங்கினார்கள். எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அதே கேள்விகளை ஒரு வருடம் கழித்து, மூன்று வருடம் கழித்து, பத்து வருடம் கழித்தும் கேட்டார்கள். முதல் வருடத்திலேயே நிறைய மாறிவிட்டது. வேடிக்கை அது இல்லை. மாறிய பிறகு அப்படியே உறைந்துவிட்டது. பத்தாவது வருடமும் அதே தப்பை அதே உறுதியோடு சொன்னவர்கள் அதிகம். முகம், குரல், நாற்காலி என்று எல்லாம் பளிச்சென்று தெரியும். பளிச்சென்று தெரிவதால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

சித்தி, 9:20
அண்ணா, ஒன்று கேட்கட்டுமா. அப்பா போனது 2001 ஜூன் இல்லையா?

சித்தி, 9:31
அண்ணா?

பெரியம்மா, 9:48
விடுடி அவனை. காலையிலிருந்து ஆளாளுக்கு அவனையே பிடித்துக்கொண்டீர்கள்.

பெரியம்மா, 9:55
நான் ஒன்று கேட்கிறேன், பிள்ளைகளா. 2001 செப்டம்பர் எல்லோருக்கும் தெரிகிறது. 1985 ஜூன் 23 யாருக்காவது தெரிகிறதா?

தம்பி, 9:57
இல்லை பெரியம்மா.

சித்தப்பா, 9:58
கனிஷ்கா.

பெரியம்மா, 10:12
ஆமாம். ஏர் இந்தியா 182, அந்த விமானத்தின் பெயர்தான் கனிஷ்கா. கனடாவிலிருந்து லண்டன் வழியாக டெல்லிக்கு வந்துகொண்டிருந்தது. அயர்லாந்துக்குப் பக்கத்தில் கடலுக்கு மேலே பெட்டிக்குள் இருந்த குண்டு வெடித்தது. 329 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதில் 268 பேர் கனடா நாட்டுக் குடிமக்கள். கனடா பிரதமர் பிரையன் மல்ரோனி என்ன செய்தார்? ராஜீவ் காந்திக்கு போன் போட்டு ஆறுதல் சொன்னார். தன் ஜனங்கள் செத்ததற்கு அடுத்த நாட்டுக்காரரிடம் துக்கம் விசாரித்தார். அந்தக் குடும்பங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? பெயரைப் பார்த்து, இவர்கள் நம்மவர்கள் இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள் என்றுதானே?

நான், 10:15
கனடா அரசு பிறகு மன்னிப்புக் கேட்டது, இல்லையா?

பெரியம்மா, 10:21
2010-இல் கேட்டது. அப்போதைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர். 25 வருடம் கழித்து. அதற்குள் எத்தனை அப்பா அம்மாக்கள் போய்விட்டார்களோ.

தம்பி, 10:40
தேடிப் பார்த்தேன். 2023-இல் கனடாவில் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்திருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு இதைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. 2001-க்கு முன்னால் விமானத்தில் நடந்த தாக்குதல்களிலேயே அதிக உயிர் போனது இதில்தான். நானும் இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

பெரியம்மா, 10:52
மறக்காத ஊர் ஒன்று இருக்கிறது. அயர்லாந்துக் கடற்கரையில் அஹாகிஸ்டா என்று ஒரு கிராமம். செத்தவர்களில் ஒருவரையும் அவர்களுக்குத் தெரியாது. முதல் வருட நினைவு நாளிலேயே அங்கே ஒரு சூரியக் கடிகாரம் வைத்தார்கள். ஒவ்வொரு ஜூன் 23-ம் காலையில் அங்கே கூடுகிறார்கள். சொந்த நாடு கண்டுகொள்ளாததை யாரோ ஒரு கடலோரத்துக்காரன் செய்தான்.

சித்தி, 11:05
அக்கா, இது எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாதே.

பெரியம்மா, 11:06
நீ கேட்கவில்லை.

சித்தப்பா, பகல் 1:30
நினைவுச் சின்னம் வைப்பதிலும் சண்டை உண்டு. நார்வேயில் கேள்விப்பட்டேன். யாருக்காவது சரியாகத் தெரியுமா?

நான், 1:58
தெரியும். 2011 ஜூலை 22. ஓஸ்லோவில் ஒருவன் வைத்த குண்டில் 8 பேர், பிறகு உட்டோயா தீவில் இளைஞர் முகாமில் அவன் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 69 பேர் இறந்தார்கள். தீவுக்கு எதிரே ஒரு நிலமுனை. நினைவுச் சின்னமாக அதைக் குறுக்கே அறுத்து, நடுவில் கடல் தெரிகிற மாதிரி ஒரு வெட்டு விடுவதாகத் திட்டம். உலகமே பாராட்டியது. பக்கத்தில் குடியிருந்தவர்கள் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றார்கள். கல்நெஞ்சக்காரர்கள் என்று முதலில் நானும் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அன்றைக்குச் சொந்தப் படகை எடுத்துக்கொண்டு போய், குளிர்ந்த தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தூக்கி வந்தவர்கள் அந்தக் கரைக்காரர்கள். தினமும் ஜன்னலைத் திறந்தால் அந்தக் காயம் தெரிய வேண்டுமா என்று கேட்டார்கள். 2017-இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. கடைசியில் படகுத்துறையில் 77 வெண்கலத் தூண்கள் வைத்தார்கள். அதற்கும் வழக்குப் போட்டார்கள், அதில் தோற்றார்கள்.

சித்தி, 2:10
அவர்கள் கேட்டதும் நியாயம்தானே. சுற்றுலா வருகிறவன் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

நான், 2:16
அந்தத் தீவிலேயே வேறு மாதிரி செய்தார்கள் சித்தி. குண்டு துளைத்த உணவகக் கட்டடத்தை இடிக்கவில்லை. அதைச் சுற்றி இன்னொரு கட்டடம் எழுப்பி மூடினார்கள். உள்ளே கூரையைத் தாங்குவது 69 தூண்கள், இறந்தவர்களுக்கு. வெளியே வேலி மாதிரி 495 மரக்கட்டைகள், அன்று தீவிலிருந்து உயிரோடு திரும்பியவர்களுக்கு. பிழைத்தவர்களையும் எண்ணிய நினைவிடங்கள் குறைவு. பல இடங்களில் பிழைத்தவனைப் பற்றிப் பேச்சே இருக்காது. அவனுக்கு என்ன, தப்பித்துவிட்டான் என்று விட்டுவிடுவோம்.

தம்பி, 2:20
பிள்ளைகள் மறுபடியும் முகாமுக்குப் போகிறார்களா?

நான், 2:21
2015-இலிருந்து போகிறார்கள்.

சித்தி, 2:40
எனக்குப் பிடித்தது நியூயார்க்கில் செய்வது. கோபுரங்கள் இருந்த இடத்தில் இரண்டு குளங்கள். சுற்றிலும் வெண்கலத்தில் பெயர்கள். பெயர்களை அகரவரிசையில் போடவில்லையாம். இவர் பக்கத்தில் இவர் வேண்டும் என்று குடும்பங்கள் கேட்டார்கள், நண்பர்களையும் கூட வேலை பார்த்தவர்களையும் அப்படியே பக்கத்தில் போட்டார்கள். யாருக்குப் பிறந்தநாளோ அன்று அவர் பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகுகிறார்கள். செத்த நாளில் இல்லை, பிறந்த நாளில்.

தம்பி, 2:44
இதை ஃபார்வேர்டு செய்யலாம் மாமா.

சித்தி, 2:45
அண்ணா இருக்கிறாரா என்றே தெரியவில்லை. காலையிலிருந்து நீல டிக் மட்டும் வருகிறது.

மாமா, இரவு 9:37
இருக்கிறேன். பழைய ஆல்பத்தை எல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னவள் சொன்னது சரி. அப்பா போனது ஜூன் 9. செப்டம்பரில் அந்த நாற்காலியில் அப்பா இருந்திருக்க முடியாது.

மாமா, 9:40
ஆனால் யாரோ இருந்தார்கள். “சத்தம் வேண்டாம்” என்று யாரோ சொன்னார்கள். அது பொய் இல்லை. முதல் விமானத்தை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன்.

பெரியம்மா, 9:46
நான்தான்டா.

மாமா, 9:46
என்ன?

பெரியம்மா, 9:53
நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். அப்பா போன பிறகு மூன்று மாதம் உங்களோடுதானே இருந்தேன். நீ வேலை முடிந்து வந்து டிவியைப் போட்டாய். ஆறரை மணி இருக்கும். ஒரு கோபுரத்தில் புகை. இரண்டாவது விமானம் வந்ததும் நீ எழுந்து நின்றுவிட்டாய். போர் வரப்போகிறது என்று சொன்னது அப்பாவும் இல்லை, நானும் இல்லை. நீ.

மாமா, 9:54
சத்தம்?

பெரியம்மா, 9:56
அது நான். உன் மாப்பிள்ளை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். எட்டு மாதக் குழந்தை. அப்போதுதான் கண் அசந்தான்.

தம்பி, 9:57
அப்போது நானும் அங்கே இருந்தேனா!

பெரியம்மா, 9:58
இருந்தாய். இரண்டு கோபுரமும் விழுந்த பிறகுதான் முழித்தாய்.

சித்தி, 10:01
அக்கா, இத்தனை வருடமாக அண்ணா இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ ஏன் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை?

பெரியம்மா, 10:07
சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்கிறாயா? அப்பாவோடு இன்னும் ஒரு சாயங்காலம் கிடைத்த மாதிரி சொல்வான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாமா, 10:20
இப்போதும் அப்பா குரலில்தான் கேட்கிறது அக்கா.