அமெரிக்க வரித்துறையின் (ஐஆர்எஸ்) எல்டி11 ஜப்தி எச்சரிக்கைக் கடிதம் கையில், ஜப்திக்கு முன்னால் என்ன செய்யலாம்?

கேள்வி (நியூஜெர்சி வாசி):
2021-ல் கம்பெனி சம்பளத்தோடு கொடுத்த ஆர்எஸ்யு பங்குகளை விற்றதில் 62,000 டாலர் வந்தது. சம்பளத்திலேயே அதற்கு வரி பிடித்துவிட்டார்களே என்று ரிட்டர்னில் அந்த விற்பனையைக் காட்டவே இல்லை, மடத்தனம்தான். அப்புறம் வீடு மாறினோம், ஐஆர்எஸ்ஸுக்கு முகவரி மாற்றம் சொல்லவில்லை. புது முகவரிக்கு முதலில் வந்ததே சிபி504 என்ற வரி பாக்கி எச்சரிக்கைக் கடிதம்தான், பயத்தில் டிராயரில் போட்டுவிட்டேன். இப்போது பதிவுத் தபாலில் எல்டி11 வந்திருக்கிறது, 21,400 டாலர் கட்டு, இல்லையென்றால் ஜப்தி என்கிறது. கடிதத்தில் மார்ச் 3 என்று தேதி, என் கைக்கு வந்தது 14. மனைவியும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கையும் எடுப்பார்களா?

பதில் 1 (பழைய அனுபவஸ்தர்):
30 நாள் கெடு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை, கடிதத்தில் போட்ட தேதியிலிருந்து. ஏப்ரல் 2-க்குள் 12153 படிவம் (விசாரணை கேட்கும் மனு) தபால் முத்திரையோடு கிளம்பியாக வேண்டும், அதுவும் எல்டி11-ல் இருக்கும் முகவரிக்கு, பதிவுத் தபாலில், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அது நேரத்துக்குப் போய்விட்டால் விசாரணை முடியும்வரை ஜப்தி நிற்கும் (வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்), முடிவு பிடிக்கவில்லை என்றால் வரி நீதிமன்றத்துக்கும் போகலாம். கெடு தாண்டினாலும் ஒரு வருடத்துக்குள் விசாரணை கேட்கலாம், ஆனால் அது வேறு வகை. நீதிமன்றம் போகும் உரிமையும் இல்லை, ஜப்தியும் தானாக நிற்காது.

கூட்டுக் கணக்கு என்றாலும் எடுப்பார்கள். வங்கி உடனே பணத்தை முடக்கி 21 நாள் வைத்திருந்துவிட்டுத்தான் அனுப்பும், அந்த இடைவெளியில் பேசி விடுவிக்கலாம். எனக்கு அது நடந்தது, அந்த மூன்று வாரம் தூக்கமே இல்லை. சம்பளத்தில் கை வைத்தால் இன்னும் மோசம், விடுவிக்கும்வரை ஒவ்வொரு சம்பளத்திலும் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

பதில் 2 (எண்களோடு மல்லுக்கட்டுபவர்):
எல்லாரும் எப்படிக் கட்டுவது என்றே யோசிக்கிறீர்கள். அந்த 21,400 முதலில் சரியான தொகையா? பங்கு கைக்கு வந்த நாளின் மதிப்பு உங்கள் டபிள்யூ-2-வில் (கம்பெனி தரும் வருடாந்திர சம்பளச் சான்று) சம்பளமாகவே சேர்ந்திருக்கும், அதுதான் உங்கள் அடக்க விலை, விற்ற தொகையில் அதைக் கழித்தால்தான் லாபம். புரோக்கர் அனுப்பும் 1099-பி விற்பனை அறிக்கையில் பல நேரம் அது பூஜ்யமாகவோ காலியாகவோ இருக்கும், நீங்களும் காட்டாததால் ஐஆர்எஸ் முழு 62,000-ஐயும் லாபமாக எடுத்திருக்கும். உண்மையான லாபம் சில ஆயிரம்தான் இருக்கலாம். புரோக்கர் தளத்தில் கூடுதல் விவரத் தாள் என்று ஒன்று இருக்கும், அதை இறக்கி, 8949 (பங்கு விற்பனைக் கணக்குப் படிவம்) போட்டு, 1040-எக்ஸ் (திருத்திய ரிட்டர்ன்) தயார் செய்யுங்கள். 12153-ல் தொகையையே ஏற்கவில்லை என்று எழுதுங்கள். கூடுதல் வரியை எதிர்த்து வரி நீதிமன்றம் போக 90 நாள் கெடு கொடுத்து ஐஆர்எஸ் முன்பே அனுப்பும் கடிதம் உண்மையிலேயே உங்கள் கைக்கு வராதிருந்தால் விசாரணையில் வரித் தொகையையே எதிர்த்து வாதாடலாம், கைக்கு வந்தும் சும்மா இருந்திருந்தால் பொதுவாக முடியாது. வீடு மாறிய தேதிக்கு வாடகை ஒப்பந்தத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3 (பேசாமல் கட்டிவிடு கட்சி):
அவ்வளவு அலைச்சல் எதற்கு? 50,000-க்குள் என்றால் ஐஆர்எஸ் தளத்திலேயே தவணை கேட்கலாம், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பொதுவாக ஜப்தி செய்ய மாட்டார்கள். டிவியில் கடனைக் கால்வாசி ஆக்குகிறேன் என்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

பதில் 2 மறுபடி:
தவணை கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 12153-ஐ விட்டுவிட்டுத் தவணை மட்டும் கேட்டால் ஏப்ரல் 2-க்குப் பிறகு நீதிமன்ற உரிமை போய்விடும். இரண்டையும் சேர்த்தே செய்யலாம், அதே படிவத்தில் தவணைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

கேட்டவர்:
விவரத் தாளை இறக்கிப் பார்த்தேன், அடக்க விலை 58,900. லாபம் 3,100 டாலர்தானாம், டிராயரில் கிடந்த சிபி504-ஐ நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 12153 இன்று மதியம் தபாலில் போய்விட்டது. 1040-எக்ஸ் இந்த வார இறுதியில்.