வரலாறு படிக்கப் பெருநகரம் போகத்தான் வேண்டுமா?

புதுவரவு:
பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. இளங்கலை வரலாற்றுக்கு இரண்டு இடங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் உள்ள சிறிய கல்லூரி. இன்னொன்று பெருநகரத்துப் பல்கலைக்கழகம். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். "அறிவியல் என்றால் ஆய்வுக்கூடம் வேண்டும், நகரத்துக்குப் போகலாம். வரலாறு எங்கே படித்தாலும் அதே புத்தகம்தானே" என்கிறார்கள் வீட்டில். எனக்கு நகரத்துக்குப் போகத்தான் ஆசை. ஆனால் இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள்.

ஏடுதேடி:
தம்பி, வரலாற்றுக்கும் ஆய்வுக்கூடம் உண்டு. ஆவணக் காப்பகம்தான் அது. பெரிய காப்பகங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கின்றன.

நான் பெருநகரத்தில் படித்தவள். மூன்றாம் ஆண்டு ஆய்வேட்டுக்காக ஒரு பழைய மருத்துவமனையின் சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்தேன். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்தான். சீட்டு எழுதிக் கொடுத்தால் ஒரு கட்டு வரும். அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. முதல் இரண்டு நாள் கையெழுத்தே பிடிபடவில்லை. மூன்றாம் நாள் ஒன்று கண்ணில் பட்டது. 'தொழில்' என்ற கட்டத்தில் ஆண்களுக்கெல்லாம் ஏதோ எழுதியிருக்கிறது. பெண்களுக்குப் பக்கம் பக்கமாக வெறும் கோடு. ஆனால் காயத்தின் காரணத்தை எழுதும் கட்டத்தில் அதே பெண்களுக்கு 'ஆலை இயந்திரம்' என்று இருக்கிறது. தொழில் இல்லாதவளின் கை ஆலை இயந்திரத்தில் எப்படி நசுங்கும்? என் ஆய்வேடு முழுவதும் அந்த ஒரு கேள்விதான். எந்தப் பாடப்புத்தகமும் அதை எனக்குக் கொடுத்திருக்காது.

வரப்போரம்:
அக்கா, படிக்கவே சிலிர்க்கிறது. ஆனால் அது மூன்றாம் ஆண்டில் சில வாரங்கள். மீதிக் காலம்?

நானும் பெருநகரத்தில்தான் சேர்ந்தேன். வகுப்பில் நூற்றெண்பது பேர். தினமும் மூன்று மணி நேரம் ரயிலிலும் பேருந்திலும் கரைந்தது. வாடகைக்காக மாலையில் கடை வேலை. நூலகத்தில் எத்தனை லட்சம் புத்தகம் இருந்து என்ன, உட்கார நேரம் இல்லை. எழுதிக் கொடுத்த கட்டுரைகள் மதிப்பெண்ணோடு திரும்பின, ஒரு வரி திருத்தம்கூட இல்லாமல்.

இரண்டாம் ஆண்டில் ஒரு சிறிய கல்லூரிக்கு மாறினேன். பதினெட்டு பேர். அங்கே என் முதல் கட்டுரையில் 'ஆகவே' என்ற சொல்லைச் சுற்றி ஆசிரியர் வட்டம் போட்டு, "முன்னால் சொன்னதிலிருந்து இது எப்படி வருகிறது?" என்று எழுதியிருந்தார். வரலாறு எழுத நான் கற்றுக்கொண்டது அந்த வட்டத்திலிருந்துதான்.

இன்னொன்று. பல காப்பகங்கள் இளங்கலை மாணவர்களை அறிமுகக் கடிதம் இல்லாமல் சேர்ப்பதில்லை. இணையத்திலோ, லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தைப் பற்றி 1674 முதல் 1913 வரை அச்சான வழக்கறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபெர்னான் பிரோடெல் மத்தியதரைக் கடல் பற்றிய பெருநூலின் வரைவைப் போர்க்கைதியாக ஜெர்மன் முகாமில் இருந்தபடி எழுதினார். அவருக்கு எந்த நகரத்துக் காப்பகம் பக்கத்தில் இருந்தது?

ஏடுதேடி:
பிரோடெல் கதையைப் பாதியில் ஆரம்பித்துவிட்டீர்கள். 1940இல் பிடிபடுவதற்கு முன் பல ஆண்டுகள் அவர் காப்பகம் காப்பகமாக அலைந்தவர். பழைய சினிமா கேமரா ஒன்றை வாங்கி, ஆயிரக்கணக்கான ஆவணப் பக்கங்களைப் படம் பிடித்தார். முகாமில் அவர் எழுதியது, ஏற்கெனவே தலைக்குள் ஏற்றி வைத்திருந்ததை. நம் தம்பியின் தலையில் இன்னும் எதுவும் ஏறவில்லையே.

இணையத் தொகுப்புகளை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் தேடுபெட்டி நாம் கேட்பதை மட்டும்தான் தரும். அந்தப் பதிவேட்டில் எனக்குக் கிடைத்தது ஒரு வெறும் கோடு. கோட்டை எப்படித் தட்டச்சு செய்து தேடுவது?

கல்தெரு:
ஏடுதேடி சொல்வதன் பக்கம்தான் நான். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. நகரமே படிக்க வேண்டிய ஏடு. பாரிஸில் அகலமான, நேரான சாலைகளைப் பார்த்து எல்லோரும் அழகு என்கிறார்கள். 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் என்ற நிர்வாகி அந்த நகரத்தின் பொறுப்பில் இருந்தபோது பழைய குடியிருப்புகளை இடித்துப் போட்ட சாலைகள் பல அவற்றில் உண்டு. அங்கிருந்த ஏழைகள் எங்கே போனார்கள் என்று கேட்டால் நகரத்தின் விளிம்புக்கு நடக்க வேண்டும். ஒரு நகரத்தில் மூன்றாண்டு நடந்தால் இப்படிக் கேட்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

வரப்போரம்:
சிற்றூரிலும் அந்தப் பழக்கம் வரும். வரப்பு ஏன் வளைகிறது, இந்தப் பாதை ஏன் ஆள் இல்லாத இடத்தில் போய் முடிகிறது என்று கேட்டாலே ஒரு ஆய்வேடு இருக்கிறது.

கல்தெரு:
கேட்கலாம். பதிலுக்கான ஏடு எங்கே இருக்கிறது? பிரான்ஸின் மலைப்பகுதியில் மோந்தையூ என்று இருநூறு, இருநூற்றைம்பது பேர் வாழ்ந்த ஒரு சிற்றூர். ஆடு மேய்த்தவர்கள் என்ன நம்பினார்கள், யார் யாரைக் காதலித்தார்கள் என்பதுவரை நமக்குத் தெரியும். காரணம், 1318க்கும் 1325க்கும் இடையில் ஷாக் ஃபூர்னியே என்ற ஆயர் நடத்திய சமய விசாரணையின் பதிவேடு. அவர் 1334இல் போப்பாண்டவர் ஆனார். அந்த ஏடு இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. சிற்றூரின் குரல் ரோம் நகரத்தில்! அதிகாரம் இருக்கும் இடத்தில்தான் ஏடு போய்ச் சேரும்.

வரப்போரம்:
என் பயமே அதுதான். அந்த ஏட்டில் இருப்பது விசாரிப்பவர் கேட்ட கேள்விக்குப் பயந்தபடி சொன்ன பதில். அவர் கேட்காதது அதில் இருக்காது. காப்பகத்துக்குள்ளேயே மூன்றாண்டு வளர்ந்த மாணவர், அரசும் ஆலயமும் எழுதி வைத்ததுதான் நடந்தது என்று நம்பிவிடக்கூடும். வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பத்திரங்கள், எண்பது வயதுக்காரர்களின் நினைவு, இவையெல்லாம் எந்தச் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் மேசைக்கு வராது. போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அப்புறம், பிரோடெல் வேலை செய்த ஸ்பெயின் நாட்டுச் சிமான்காஸ் காப்பகம் ஒரு சிற்றூர்க் கோட்டைக்குள் இருக்கிறது, ஏடுதேடி அக்கா.

ஏடுதேடி:
சிமான்காஸ் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நினைவுகளைக் கேட்கப் போக வேண்டும் என்பதையும். ஆனால் என் பதிவேட்டில் இருந்த பெண்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. அவர்களைக் கேட்க எனக்கு இருந்த ஒரே வழி அந்தக் கட்டுதான். அதனால் என் பேச்சை மாற்றிக்கொள்ள மாட்டேன். தம்பி, நகரத்துக்குப் போங்கள்.

வரப்போரம்:
நானும் மாற்றிக்கொள்ளவில்லை. போவதானால், கட்டுரையைத் திருத்தித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் போகாதீர்கள்.

புதுவரவு:
அக்கா, அண்ணன்களே, நன்றி. வீட்டில் ஏடுதேடி அக்காவின் பதிவேட்டுக் கதையைப் படித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உன் பாட்டியும் ஆலைக்குத்தான் போனாள், ரேஷன் அட்டையில் தொழில் இல்லை என்றுதான் போட்டிருந்தார்கள்" என்றார். எனக்கு இது இன்றுவரை தெரியாது. இரண்டு கல்லூரிக்கும் நாளை தொலைபேசியில் பேசப் போகிறேன். வகுப்பில் எத்தனை பேர், மூன்றாம் ஆண்டில் ஆய்வேடு உண்டா, கட்டுரையை யார் திருத்துவார்கள் என்று கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். பாட்டியோடு வேலை பார்த்தவர் ஒருவர் இன்னும் இருக்கிறாராம். அவரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் வருகிறார்.