நம் மூதாதையர் உட்காரவே இல்லையா?

செம்பூர்வாசி: ‘மூதாதையர் நாள் முழுவதும் ஓடினார்கள், உட்காருவதே மனித உடலுக்கு விரோதம்’ என்று மாட்டுங்காக்காரர் நேற்று எழுதியது எரிச்சலூட்டுகிறது. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் தொடையில் கருவி பொருத்தி அசைவை அளந்து 2020-இல் வெளியான ஆய்வின்படி, விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 10 மணி நேரம் அவர்கள் ஓய்வாகவே இருக்கிறார்கள். அடுத்த வேளை உணவு நிச்சயமில்லாதபோது, வீணாக அலையாமல் சக்தியைச் சேமித்த உடல்தான் பிழைத்தது. சோம்பலைக் குற்றமாக்காதீர்கள்.

மாட்டுங்காக்காரர்: அந்த 10 மணி நேரத்தைச் சொன்ன நீங்கள், எப்படி உட்கார்ந்தார்கள் என்பதை ஏன் விழுங்கிவிட்டீர்கள், அம்மா? குத்துக்காலிட்டும் மண்டியிட்டும் இருக்கையில் கால் தசைகள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. நாற்காலியில் சாய்வது அதற்கு ஈடாகாது.

செம்பூர்வாசி: எப்படி உட்கார்ந்தாலும் 10 மணி நேரம் 10 மணி நேரம்தான். சிறுதானிய விவாதத்திலும் தோற்கும்போது இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள்.

மாட்டுங்காக்காரர்: சிறுதானியத்தில் நான் தோற்கவில்லை, பாதியில் எழுந்து போனது நீங்கள். குத்துக்காலிடுவதற்குப் பதில் சொல்லுங்கள்.

தாராவி அண்ணாச்சி: லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டியவர்களைவிட, படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பிரிட்டன் மருத்துவ ஆய்வாளர் ஜெரி மாரிஸ் 1953-லேயே காட்டினார். என் தகப்பனார் மும்பையின் மாடி பஸ்ஸில் கண்டக்டர். தோல்பையைத் தோளில் மாட்டி, டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவியைக் கடகடவென்று தட்டிக்கொண்டு நாள் முழுவதும் படியேறியவர், கடைசிவரை திடமாக இருந்தார்.

செம்பூர்வாசி: வேலைக்குச் சேரும்போதே ஓட்டுநர்களின் சீருடையில் இடுப்புச் சுற்றளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது என்று அதே மாரிஸ் பிறகு எழுதினார், அண்ணாச்சி; வித்தியாசம் படியேறுவதால் மட்டும் வந்ததல்ல. ஒருவருடைய தகப்பனார் ஆதாரமாக மாட்டார்.

தாராவி அண்ணாச்சி: என் தகப்பனாரை இதில் இழுக்க வேண்டாம்.

செம்பூர்வாசி: இழுத்தது நானல்ல.

மாட்டுங்காக்காரர்: பேருந்து இருக்கட்டும். ஹட்சா மக்கள் நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் மூச்சு வாங்க உழைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் நம்மிடம் கேட்பதோ வாரத்துக்கு 150 நிமிடம். அவ்வளவு உழைத்தவர்கள் ஓய்வெடுப்பதும், மின்தூக்கியில் ஏறி இறங்கும் நாம் ஓய்வெடுப்பதும் ஒன்றா? உழைத்து ஓய்ந்த பிறகும் அவர்கள் குத்துக்காலிட்டுத்தான் இருக்கிறார்கள்.

செம்பூர்வாசி: 10 மணி நேரம், ஐயா. ‘உட்காருவதே விரோதம்’ என்ற வரியை முதலில் திரும்பப் பெறுங்கள்.

மாட்டுங்காக்காரர்: நாற்காலியைப் பற்றி எழுதிய வரி அது, திரும்பப் பெற மாட்டேன். குத்துக்காலிடுவதைப் பற்றி மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்.