புதுப்பிப்பு: பாப்பாவுக்கு அட்ரோபின் போட்டதும் முகம் சிவந்தது பற்றி

போன வாரம் கேட்டிருந்தேன். கண் பவர் பார்ப்பதற்கு முன் மூன்று நாள் போடச் சொல்லி, ஆறு வயது மகளுக்கு, கண்ணின் பாவையை (நடுவிலுள்ள கருப்பு வட்டம்) விரிய வைக்கும் அட்ரோபின் 1% சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் முகம் குப்பென்று சிவந்து, உடம்பு சுட்டது, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள். "அடுத்த சொட்டு போடாதீங்க, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று எழுதியவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

அன்று மாலையே அஸ்தம்பட்டியில் வேறொரு கண் டாக்டரிடம் காட்டினோம். நாடித்துடிப்பைப் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்தச் சொன்னார். கண்ணில் விட்ட சொட்டு, கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலந்துவிடுமாம். அதைத் தடுக்கும் வழியை என் விரலைப் பிடித்தே காட்டினார்: சொட்டு விட்டதும் கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். வழிந்ததைத் துடைத்துவிட்டு, நம் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம், எனக்கு அந்த ஆதங்கம் இருக்கிறது. பிதற்றல், மயக்கம், வேகமான துடிப்பு என்றால் நேரே அவசரப் பிரிவுக்குத்தான்.

மறுநாளே சூடு இறங்கிவிட்டது. கண்ணின் பாவை மட்டும் விரிந்தே இருக்கிறது; பழையபடி ஆக இரண்டு வாரம் வரை ஆகுமாம். ஞாயிறன்று ஏற்காடு ஏரிக்கரை வெயிலில் தொப்பி போட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே நடந்தாள். கிட்டத்து எழுத்து மங்கலாகத் தெரிவதால் வீட்டுப்பாடம் வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லியாயிற்று. மீதி மருந்து இப்போது பீரோவின் மேல்தட்டில், பூட்டில்.