பொதுப் பட்டியலில் மாநிலச் சட்டம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். தொழிற்கல்விச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வை நீக்கித் தமிழகச் சட்டமன்றம் 2006இல் நிறைவேற்றிய சட்டத்துக்கு 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. ஏறத்தாழ அதே நோக்கத்துடன் 2021இல் நிறைவேறிய நீட் விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இரு காலங்களிலும் கல்வி பொதுப் பட்டியலில்தான் இருந்தது. அப்படியிருக்க, முடிவு மட்டும் மாறியது ஏன்? கல்வியை மாநிலப் பட்டியலுக்கே திருப்பிவிட்டால் இச்சிக்கல் தீருமா?

தென்னவன்:
பொதுப் பட்டியலில் உள்ளவற்றுக்கு இரு அரசுகளும் சட்டம் இயற்றலாம் என்று பள்ளிப் பாடநூலில் படித்ததோடு நாம் நின்றுவிடுகிறோம். உண்மையான கணக்கு அரசமைப்பின் 254ஆவது பிரிவில் இருக்கிறது. இரண்டு சட்டங்களும் முரண்பட்டால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் தன் எல்லைக்குள்ளாவது மேலோங்க வேண்டுமானால், ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கி, அவருடைய ஒப்புதலும் கிடைத்திருக்க வேண்டும். அவரோ ஒன்றிய அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர். ஆக, எந்த அரசின் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டுமோ அந்த அரசிடமே மாநிலம் இசைவு கேட்டு நிற்கிறது.

கிடைத்த ஒப்புதலும் நிலையானதன்று. நாடாளுமன்றம் பின்னர் ஒரு சட்டம் இயற்றி அந்த மாநிலச் சட்டத்தை மாற்றவோ நீக்கவோ அதே பிரிவு இடமளிக்கிறது. நாடு முழுமைக்கும் ஒரே மருத்துவ நுழைவுத் தேர்வைக் கட்டாயமாக்கிய நாடாளுமன்றச் சட்டம் 2007இல் இல்லை. 2016இல் இந்திய மருத்துவக் கழகச் சட்டத்தைத் திருத்தி அது கொண்டுவரப்பட்டது. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்திலும் தொடர்கிறது.

எழிலரசி:
இரண்டாவது கேள்விக்கு என் பதில், பாதிதான் தீரும் என்பது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுசென்றது உண்மை. ஆனால் அதற்கு முன்பும் மாநிலப் பட்டியலின் 11ஆவது பதிவு, மத்தியப் பட்டியலின் 63 முதல் 66 வரையிலான பதிவுகளுக்கு உட்பட்டே கல்வியை மாநிலங்களுக்குத் தந்திருந்தது. உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை ஒருங்கிணைப்பதும் நிர்ணயிப்பதும் 66ஆவது பதிவில் அடங்கும். போதாததற்கு, மருத்துவத் தொழில் என்பது தொடக்கம் முதலே பொதுப் பட்டியலில் தனிப் பதிவாக உள்ளது. பழைய நிலை திரும்பினால் பள்ளிக் கல்வியில் மாநிலத்தின் கை ஓங்கும். மருத்துவச் சேர்க்கை வழக்கோ நீதிமன்றத்தில் தொடரவே செய்யும். மேடைகளில் இந்த வேறுபாட்டை யாரும் சொல்வதில்லை.

வைகைக்கரை:
நன்றி. அப்படியானால் ஜல்லிக்கட்டுச் சட்டம் எப்படித் தப்பியது? விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் நாடாளுமன்றச் சட்டம்தானே?

தென்னவன்:
அதே 254ஆவது பிரிவின் வழியாகத்தான். 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் திரண்டிருந்தபோது, விலங்குவதைத் தடுப்பும் பொதுப் பட்டியலில் இருப்பதால், அந்தச் சட்டத்தைத் தமிழகத்துக்கு மட்டும் திருத்தினார்கள். அவசரச் சட்டமும் அதைத் தொடர்ந்த மசோதாவுக்கான ஒப்புதலும் அம்மாதத்திலேயே முடிந்தன. 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வும் அதைச் செல்லும் என்றது. 2017 பிப்ரவரியில் நிறைவேறிய நீட் விலக்கு மசோதாக்களுக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை. அவற்றுக்கு ஒப்புதலும் கிடைக்கவில்லை. சட்ட வழி ஒன்றுதான், ஒன்றிய அரசின் விருப்பம்தான் வேறு என்றே நான் புரிந்துகொள்கிறேன். குடியரசுத் தலைவர் எத்தனை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 201ஆவது பிரிவு சொல்லவில்லை. நீதிமன்றமும் கால வரம்பு விதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் கருத்துரைத்துள்ளது.