டிஸ்ப்ளே போர்ட் கேபிள் கழன்று வரமாட்டேன் என்கிறது: பட்டனை அழுத்தியும் பிடி விடவில்லை

கருந்திரை:
வணக்கம் நண்பர்களே. மேசையை இடம் மாற்ற வேண்டியிருப்பதால் கம்ப்யூட்டர் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் வந்துவிட்டது. மானிட்டருக்குப் போகும் டிஸ்ப்ளே போர்ட் கேபிள் மட்டும் கிராபிக்ஸ் கார்டு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கேபிள் தலையில் ஒரு பட்டன் இருக்கிறது. அது கீழ்ப்பக்கமாகத் திரும்பியிருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை, விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிறது. ஆனால் இழுத்தால் கேபிளுடன் சேர்ந்து கார்டே அசைகிறது. இதற்கு மேல் பலம் கொடுக்கப் பயமாக இருக்கிறது. இன்னும் வேகமாக இழுக்கலாமா? இல்லை, கேபிளை வெட்டிவிடுவதுதான் வழியா?

இரவுப்பணி:
இழுக்காதீர்கள். கார்டு அசைகிறது என்றால் நீங்கள் கொடுக்கும் பலம் முழுக்க போர்ட்டைக் கார்டோடு பிணைத்திருக்கும் ஈயப் பற்றவைப்பில்தான் போய் விழுகிறது. அது பிய்ந்தால் கேபிள் செலவோடு முடியாது. வெட்டுவதாலும் பயனில்லை. வயர்தான் போகும், தலை உள்ளேயே இருக்கும், அப்புறம் பிடித்து இழுக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

முதலில் கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் அணைத்து இரண்டின் பவர் வயரையும் எடுத்துவிடுங்கள். பிறகு கேபிள் தலையை வெளியே இழுக்காமல் உள்ளே தள்ளுங்கள். நன்றாக, அதற்கு மேல் போகாது என்னும் வரை. தள்ளிய நிலையிலேயே பட்டனை முழுக்க அழுத்துங்கள். பட்டனை விடாமல் மெதுவாக, நேராக வெளியே கொண்டுவாருங்கள்.

கருந்திரை:
உள்ளே தள்ளுவதா? ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டதுதானே பிரச்சினை?

இரவுப்பணி:
கேபிள் தலையின் உலோக உறையில், பட்டன் இருக்கும் அதே பக்கத்தில், இரண்டு சின்னக் கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மானிட்டர் பக்கத்து முனையைக் கழற்றிப் பாருங்கள், அங்கேயும் அப்படியே இருக்கும். தூண்டில் முள் மாதிரிதான்: போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், திரும்பும்போது பிடிக்கும். போர்ட்டின் உலோகக் கூட்டில் அதற்கென்று இரண்டு துளைகள் உண்டு, கொக்கிகள் அதில் போய் உட்காரும். பட்டனை அழுத்தினால் இரண்டும் உறைக்குள் அமுங்க வேண்டும்.

நீங்கள் இழுத்துக்கொண்டே அழுத்தும்போது கொக்கியின் செங்குத்துப் பக்கம் துளையின் விளிம்பில் இறுகி நிற்கிறது. அந்த உராய்வை மீறி அது அமுங்காது. விரல் வலிக்கும், பட்டன் பாதிதான் போகும். உள்ளே தள்ளினால் விளிம்புக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி கிடைக்கும். அது போதும்.

வயர்மேன்:
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. பட்டனின் எந்த இடத்தை அழுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். பல கேபிள்களில் பட்டன் ஒரு முனையில் நிலையாக இருக்கும், மறுமுனைதான் இறங்கும். நிலையான முனையில் எவ்வளவு அழுத்தினாலும் பிளாஸ்டிக்தான் வளையும், கொக்கி அசையாது. கழற்றிய முனை கையில் இருக்கிறதல்லவா? அதன் பட்டனை அழுத்திக்கொண்டே கொக்கிகளைப் பாருங்கள். எங்கே அழுத்தும்போது இரண்டும் முழுசாக மறைகின்றன என்று தெரிந்துகொண்டு, மாட்டிய முனையிலும் அதே இடத்தில் அழுத்துங்கள்.

விரல் நுழையவில்லை என்றால் பக்கத்துப் போர்ட்டுகளில் இருப்பதை முதலில் எடுத்துவிடுங்கள். அப்புறமும் எட்டவில்லை என்றால் பென்சிலின் ரப்பர் முனை, ஐஸ்கிரீம் குச்சி, பிளாஸ்டிக் ஸ்கேல், ஏதாவது ஒன்றால் அழுத்தலாம். பிடிப்பது கேபிள் தலையையே, வயரை அல்ல. மேலும் கீழும் ஆட்டவே கூடாது. பக்கவாட்டில் துளி அசைக்கலாம், அவ்வளவுதான்.

புதுமுகம்:
நான் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று எச்டிஎம்ஐக்கு மாறிவிட்டேன். நீங்களும் மாறிவிடுங்கள்.

வயர்மேன்:
மாறட்டும் சார், அதற்கு முதலில் இது வெளியே வரவேண்டுமே.

கருந்திரை:
பாதி வெற்றி. மானிட்டர் பக்க முனையில் பார்த்தேன், வயர்மேன் சொன்னது போலப் பட்டனின் முன்பகுதியில் அழுத்தினால்தான் கொக்கி முழுசாக மறைகிறது. நான் இவ்வளவு நேரம் பின்பகுதியை அழுத்திக்கொண்டிருந்தேன். இப்போது உள்ளே தள்ளி, முன்பகுதியில் அழுத்தி, மெதுவாக இழுத்தேன். இடது பக்கம் சற்று வெளியே வந்துவிட்டது. வலது பக்கம் மட்டும் பிடித்திருக்கிறது. தலை கோணலாக நிற்கிறது. இப்படியே இழுக்கலாமா?

இரவுப்பணி:
வேண்டாம். கோணலாக இழுத்தால் உள்ளே பின்கள் இருக்கும் நாக்கு உடையும். மறுபடி நேராக உள்ளே தள்ளிவிடுங்கள்.

ஒரு கொக்கி விட்டு இன்னொன்று விடாமல் இருப்பது அடிக்கடி நடப்பதுதான். கேபிளை எப்போதோ பட்டனை அழுத்தாமல் இழுத்திருந்தால் ஒரு கொக்கி வளைந்துபோயிருக்கும். சில சமயம் தயாரிப்பிலேயே அப்படி. பட்டனின் நடுவில் அழுத்தாமல் வலது ஓரத்தில் அழுத்திப் பாருங்கள், விசை அந்தப் பக்கம் கூடுதலாகப் போகும். அதிலும் வரவில்லை என்றால் தகடு வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கருந்திரை:
ஓரத்தில் அழுத்தியும் வரவில்லை. தகடு என்றால் என்ன தகடு?

கைவேலை:
இது என் பேட்டை. மாத்திரை அட்டையிலோ பொம்மை டப்பாவிலோ வரும் மெல்லிய கண்ணாடி பிளாஸ்டிக் இருக்குமே, அதில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். முனை நேராக இருக்கட்டும், கூர் வேண்டாம். வங்கி அட்டை போன்றவை இதற்குத் தடிமன் அதிகம், நுழையாது.

கேபிள் தலையின் உலோக உறைக்கும் போர்ட்டின் உலோகக் கூட்டுக்கும் நடுவே, பட்டன் இருக்கும் பக்கத்தில், ஒரு நூலிழைச் சந்து தெரியும். டார்ச் அடித்துப் பாருங்கள். வலது கொக்கிக்கு நேராக அந்தச் சந்தில் பட்டையைச் சாய்க்காமல் நுழையுங்கள். கொஞ்சம் போனதும் எதிலோ முட்டும். அதுதான் கொக்கி. அங்கே நிறுத்தி, மறுகையால் கேபிள் தலையை உள்ளே தள்ளி, பட்டனையும் அழுத்தி, பட்டையை இன்னும் கொஞ்சம் உள்ளே செலுத்துங்கள். கொக்கியின் முதுகில் பட்டை ஏறினால் அது அமுங்கிவிடும். மூன்று கை தேவைப்படும் வேலை, வீட்டில் யாரையாவது டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள். பட்டை மடங்கிப்போனால் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள், மடங்கியதை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம்.

ஸ்பேனர்:
பிளேடு வைத்தால் ஒரே நொடியில் வந்துவிடும். பிளாஸ்டிக்கெல்லாம் சும்மா.

கைவேலை:
பவர் வயரை எடுத்துவிட்டபடியால் ஷாக் என்று நான் பயமுறுத்தப் போவதில்லை. பட்டை போவதும் உறைக்கு வெளியேதான், பின்கள் பக்கம் அல்ல. ஆனால் பிளேடு போர்ட் கூட்டின் விளிம்பை நெம்பி வளைத்துவிடும். அப்புறம் அந்தப் போர்ட்டில் எந்தக் கேபிளும் ஒழுங்காக உட்காராது. உங்கள் விரலும் கேபினட்டின் ஓரத் தகடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தோற்றால் மட்டும் மெல்லிய ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் கருவி) தகடு, அதுவும் முனை மழுங்கியது.

கருந்திரை:
வந்துவிட்டது! பட்டை ஒரு தடவை மடங்கியது, இரண்டாவது பட்டை சரியாகப் போய் உட்கார்ந்ததும் தலை வழுக்கிக்கொண்டு வந்தது. கொஞ்சமும் பலம் தேவைப்படவில்லை. போர்ட்டில் ஒன்றும் ஆகவில்லை. கேபிளின் வலது கொக்கியைப் பார்த்தால் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது, பட்டனை அழுத்தினாலும் முழுசாக அமுங்கவில்லை.

எல்லோருக்கும் நன்றி. இப்போது புதுக் கேபிள் வாங்க வேண்டும். கொக்கி இல்லாத டிஸ்ப்ளே போர்ட் கேபிள் என்று ஒன்று இருக்கிறதா? இருந்தால் அது தானாகக் கழன்று விழாதா?

இரவுப்பணி:
இருக்கிறது. டிஸ்ப்ளே போர்ட் விதிகளை வகுப்பது வெசா என்ற அமைப்பு, முதல் பதிப்பு 2006இல் வந்தது. அந்த விதிகளில் கொக்கி கட்டாயம் இல்லை, இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வழக்கமான எச்டிஎம்ஐ கேபிளிலும் கொக்கி கிடையாது, வெறும் உராய்வில்தான் நிற்கிறது, அதை யாரும் குறை சொல்வதில்லை. பழைய விஜிஏ, டிவிஐ கேபிள்களில் இரண்டு பக்கமும் திருகாணி இருந்தது. திருகுவது சோம்பேறித்தனத்துக்கு எதிரி என்றாலும் கழற்றும்போது எதைத் திருக வேண்டும் என்று கண்ணுக்கு முன்னால் தெரியும்.

மேசையில் அசையாமல் இருக்கும் மானிட்டருக்குக் கொக்கி தேவையே இல்லை என்பது என் கருத்து. யாராவது வயரில் கால் தடுக்கினால் கொக்கி இல்லாத கேபிள் கழன்று வரும், கொக்கி உள்ளது மானிட்டரையே இழுத்துக்கொண்டு வரும். கழன்ற கேபிளை மாட்டிக்கொள்ளலாம்.

வயர்மேன்:
நான் இதில் பாதிதான் ஒத்துப்போவேன். மானிட்டரை ஆர்மில் (மடங்கித் திரும்பும் தாங்கியில்) மாட்டி அடிக்கடி திருப்புகிறவர்களுக்கு, போர்ட் கீழ்நோக்கி இருந்தால், கொக்கி இல்லாத கேபிள் தன் எடையிலேயே மெல்ல மெல்ல இறங்கிவிடும். திரை மின்னி மின்னி அணையும், காரணம் தெரியாமல் கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் மென்பொருளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு மானிட்டர் பக்கம் கொக்கி நல்லதுதான். பொதுவாகத் தடிமன் குறைந்த, வளையும் கேபிளாகப் பாருங்கள். விறைப்பான கேபிள்தான் போர்ட்டை நெம்புகிறது.

வாங்கும்போது வெசா சான்று பெற்றதா என்று பாருங்கள். டிபி8கே, டிபி40, டிபி80 என்று குறி இருக்கும். 40, 80 என்பவை நொடிக்கு எத்தனை கிகாபிட் தாங்கும் என்பது. சாதாரண திரைக்கு டிபி8கே தாராளம்.

கருந்திரை:
சரி. இன்னொன்று கேட்டுவிடுகிறேன். நண்பரிடம் வாங்கிய ஒரு மலிவான கேபிளைத் தற்காலிகமாக மாட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்து மானிட்டரை மட்டும் விட்டுவைத்தால், திரும்ப ஆன் செய்யும்போது சில நேரம் பூட் ஆகவே மாட்டேன் என்கிறது. மானிட்டர் பக்கம் கேபிளைக் கழற்றினால் ஆகிறது. நான் இழுத்த இழுப்பில் போர்ட்டில் ஏதாவது ஆகிவிட்டதோ?

கைவேலை:
போர்ட் அல்ல, பெரும்பாலும் அந்தக் கேபிள்தான். டிஸ்ப்ளே போர்ட்டில் 20 பின்கள் உண்டு. 20ஆவது பின் 3.3 வோல்ட் மின்சாரம் கொடுப்பதற்கானது, மாற்றும் அடாப்டர் போன்ற சின்னச் சாதனங்களுக்காக வைத்தது. கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் நேராக இணைக்கும் கேபிளில் அந்தப் பின்னை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இணைக்கக் கூடாது என்பது விதி. சில மலிவான கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். அப்போது மானிட்டரிலிருந்து 3.3 வோல்ட் அந்தப் பின் வழியாகக் கார்டுக்குள் வந்து, அணைத்த கம்ப்யூட்டரைப் பாதி விழிப்பில் வைத்திருக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறி அதுவேதான். அந்தக் கேபிளை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், காரணத்தையும் சொல்லிக் கொடுங்கள்.

கருந்திரை:
புரிந்தது. பழைய கேபிளில் படம் நன்றாகத்தான் வந்தது. புதியது வரும்வரை அதையே மாட்டலாமா? பட்டனை அழுத்தி வைத்துக் கேபிள் டை போட்டு இறுக்கிவிட்டால் கொக்கி உள்ளேயே இருக்கும் என்று எங்கோ பார்த்தேன்.

வயர்மேன்:
நல்ல கேபிள் என்றால் அந்த உத்தி வேலை செய்யும். உங்களுடையதில் செய்யாது. வலது கொக்கிதான் அழுத்தினாலும் அமுங்கவில்லை என்கிறீர்களே, டை போட்டாலும் அது நீட்டிக்கொண்டுதான் நிற்கும், திரும்பவும் அதே துளையில் போய் உட்காரும். அவசரம் என்றால் அரத்தால் அந்த ஒரு கொக்கியைத் தேய்த்துவிடலாம். ஆனால் தலையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தேய்த்து, இரும்புத் தூள் ஒரு துளிகூட உள்ளே தங்காமல் தட்டி ஊதிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அந்த அளவுக்குப் பொறுமை இல்லையென்றால் புதியது வரும்வரை எச்டிஎம்ஐயில் ஓட்டுங்கள்.