கிழிந்த மல்ச்சிங் ஷீட்டைக் கம்பெனிக்காரன் திரும்ப எடுக்க மாட்டானா?

ராயக்கோட்டைக்காரன்:
ஒன்றரை ஏக்கர் தக்காளி போன வாரத்தோடு முடிந்தது. குச்சி, சணல் பிரித்தாகிவிட்டது, சொட்டுநீர் டியூபையும் சுருட்டி வைத்துவிட்டேன். மிச்சம் கிடப்பது பாத்தியை மூடி விரித்த பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்தான். ஏக்கருக்கு ஆறேழு ரோல் விரித்தது, இப்போது இழுத்தால் மண்ணும் வேருமாக முழம் முழமாகப் பிய்ந்து வருகிறது. போன தடவை சரியாகப் பொறுக்காமல் உழ ரோட்டவேட்டர் விட்டதில் கத்தி முழுக்கச் சுற்றிக்கொண்டு, அரை நாள் வண்டிக்கடியில் படுத்து அரிவாளால் அறுத்து எடுத்தோம். காயலான் கடைக்காரர் டியூபை எடுத்துக்கொள்கிறார், ஷீட்டைக் கண்டால் கையை ஆட்டுகிறார். அக்கம்பக்கத்தில் சாயங்காலமானால் கொளுத்திவிடுகிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. தயாரித்தவனே திரும்ப எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதாகச் சொல்கிறார்களே, இதற்குப் பொருந்துமா? விற்ற கடையில் கேட்டேன், சிரிக்கிறார்.

தொப்பூர் கணவாய்:
சட்டம் இருக்கிறது அண்ணா, ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளில் 2022 பிப்ரவரியில் சேர்த்த தயாரிப்பாளர் பொறுப்பு, பேக்கிங் பிளாஸ்டிக்குக்கானது. பூச்சிமருந்து பாட்டில், உர மூட்டை எல்லாம் அதில் வரும். ஷீட் எதையும் சுற்றி வருவதில்லை, அதுவே சரக்கு, அதனால் நழுவிவிடுகிறது. பாட்டிலுக்கும் கணக்கெல்லாம் டன்னில்தான். இத்தனை டன் விற்றவன் இத்தனை டன் மறுசுழற்சி ஆனதாகச் சான்றிதழ் காட்ட வேண்டும், அதை மறுசுழற்சி ஆலைக்காரனிடம் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். உங்கள் வரப்பில் கிடக்கும் பாட்டிலை அவன் வந்து பொறுக்க வேண்டியதில்லை. 2023-ல் போலிச் சான்றிதழ்கள் லட்சக்கணக்கில் பிடிபட்டதும் இந்த ஏற்பாட்டில்தான்.

பழைய சாமான்:
காவேரிப்பட்டணம் பக்கம் கடை வைத்திருக்கிறேன், திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள். ஷீட் பத்து கிலோ எடை போட்டால் பாதி மண். கழுவத் தண்ணீர், ஆள் கூலி எல்லாம் போட்டு அனுப்பினால் ஆலையில் லோடையே திருப்பி விடுகிறார்கள். டியூப் தடிமனானது, உதறினால் சுத்தம். பேட்டரியைப் பாருங்கள், 2001-லேயே விதி வந்தது, 2022-ல் புதிதாகவும் போட்டார்கள், ஆனால் விதியைப் படித்துவிட்டா மக்கள் பழைய பேட்டரியைக் கொண்டுவருகிறார்கள்? உள்ளே ஈயம் இருக்கிறது, புதுசு வாங்கும்போது விலையில் கழிக்கிறார்கள், அவ்வளவுதான். காசு இருக்கிற பொருள் தானாக வரும். காசில்லாததற்கு யாராவது பணம் வைத்தால் நாளைக்கே வண்டி அனுப்புகிறேன்.

மண்டிக் கணக்கு:
கடைக்காரர் சொல்வதுதான் விஷயம். எங்கள் மண்டியில் காய் போடும் பிளாஸ்டிக் பெட்டி, அதான் கிரேட், திரும்பவில்லை என்றால் பில்லில் பிடித்துவிடுவோம், ஒரு கிரேட்கூட வயலில் கிடக்காது. நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தர ஆரம்பித்தார்களே, அதுவும் இதே கணக்குதான். பிரேசிலில் பூச்சிமருந்து டப்பாவுக்கு 2000-ல் தனிச் சட்டமே போட்டார்கள். விவசாயி மூன்று தடவை அலசி, வாங்கிய ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். எங்கே ஒப்படைப்பது என்பதைக் கடைக்காரர் பில்லிலேயே எழுத வேண்டும், அங்கிருந்து எடுத்துப் போவது கம்பெனி பாடு. இங்கே ஷீட்டுக்குத் தோட்டக்கலைத் துறை பாதி மானியம் தருகிறது இல்லையா, திரும்ப எடுக்கும் கம்பெனிக்குத்தான் மானியம் என்று ஒரு வரி சேர்த்தால் போதுமே.

தொப்பூர் கணவாய்:
அந்தச் செலவையும் ரோல் விலையில் ஏற்றி நம் தலையில்தான் கட்டுவான்.

மண்டிக் கணக்கு:
கட்டட்டும் தம்பி. இப்போது பொறுக்கும் ஆள் கூலியை யார் தருகிறார்கள்? விலையில் ஏறினால் தடிமனான, கிழியாத ஷீட் போடுகிறவன் மலிவாகக் கொடுக்க முடியும், அவனுக்குத் திரும்ப எடுப்பது சுலபம்.

ராயக்கோட்டைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பழைய சாமான் அண்ணா, முதல் நாள் தண்ணீர் விட்டு, மண் இளகியதும் இழுத்து, ஓரம் உதறிக் காயவைத்துச் சுருட்டினால் எடுப்பீர்களா? கூலி எனக்கு வேண்டாம், இடம் காலியானால் போதும். மானிய விஷயத்தை இந்த மாசம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கிறேன், பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார்கள்.

பழைய சாமான்:
ஒரு சுருள் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஈரமாகக் கொண்டுவர வேண்டாம்.